ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல்: ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து கோடுகளில் (ஸ்டாஃப்) இசையை எழுதும் மேற்கத்திய முறையில் வரும் இந்த மூன்று குறிகளின் பொருளை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். படிப்பவர்கள் தடுமாறுவதெல்லாம் அவற்றின் எல்லையில்தான்: போட்ட ஷார்ப் எதுவரை நிற்கும், எந்த நோட்டைத் தொடும், எதைத் தொடாது, எப்போது தானாக விலகும். கீழே உள்ள பதில்களில் பெரும்பங்கு அதற்கே போகிறது.

மூன்று குறிகளும் என்ன செய்கின்றன?

ஷார்ப் (♯) நோட்டை அரைச் சுரம் உயர்த்தும். ஃப்ளாட் (♭) அரைச் சுரம் இறக்கும். நேச்சுரல் (♮) அந்த இரண்டையும் நீக்கி, நோட்டை அதன் சொந்த இடத்தில் வைக்கும்.

கீபோர்டில் அரைச் சுரம் என்றால் ஒட்டி இருக்கும் அடுத்த கட்டை. அது கறுப்பாகவும் இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். வலப்பக்கத்துக் கட்டைக்குப் போனால் ஷார்ப், இடப்பக்கத்துக் கட்டைக்குப் போனால் ஃப்ளாட். ஒலியின் கணக்கில் சொன்னால், ஒவ்வோர் அரைச் சுரமும் அதிர்வெண்ணை ஏறக்குறைய 1.0595 மடங்காக்குகிறது. 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ (நோட்டுகளின் பெயர்கள் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு எழுத்துகள்), ஷார்ப் ஆனால் 466.16 ஹெர்ட்ஸ், ஃப்ளாட் ஆனால் 415.30 ஹெர்ட்ஸ்.

நேச்சுரலைப் பார்த்ததும் ‘இறக்கு’ என்று கை பழகிவிடுவதுண்டு. ஷார்ப் நிறைந்த பாடங்களையே முதலில் வாசித்தவர்களுக்கு இது அதிகம் வரும். ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் சுரத்தை இறக்கும், ஃப்ளாட்டை நீக்கும் நேச்சுரல் சுரத்தை ஏற்றும். எதை நீக்குகிறது என்று பார்த்த பிறகுதான் திசை தெரியும்.

ஷார்ப், ஃப்ளாட் என்றால் எப்போதும் கறுப்புக் கட்டைதானே?

இல்லை. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. பி-க்கும் சி-க்கும் நடுவேயும் கிடையாது. அந்த ஜோடிகளே அரைச் சுர தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஈ ஷார்ப் என்பது எஃப்-இன் வெள்ளைக் கட்டை. சி ஃப்ளாட் என்பது பி-இன் வெள்ளைக் கட்டை.

நம் மேடைப் பேச்சிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஒரு கட்டை ஸ்ருதி என்றால் சி, ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ. அடுத்தது நேராக நான்கு, அது எஃப். மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, ஏழரைக் கட்டையும் கிடையாது. ஆர்மோனியத்தில் அந்த இரண்டு இடங்களிலும் ‘அரை’க்குக் கறுப்புக் கட்டை இல்லை என்பதே காரணம். ஸ்ருதிக் கணக்கு தெரிந்தவர்கள் ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு என்ற இந்த அமைப்பைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஈ ஷார்ப் என்று எழுதுவதற்குப் பதில் எஃப் என்றே எழுதிவிடலாமே?

ஒரு மேஜர் ஸ்கேலில் (நம் சங்கராபரணம் போன்ற ஏழு சுர வரிசை) ஏழு எழுத்துகளும் ஒவ்வொரு முறை வர வேண்டும் என்பது எழுத்து முறையின் அடிப்படை. எஃப் ஷார்ப் மேஜரை எழுதிப் பாருங்கள்: எஃப்♯, ஜி♯, ஏ♯, பி, சி♯, டி♯, ஈ♯. கடைசி நோட்டை எஃப் என்று எழுதினால் ஸ்டாஃபில் ஒரே கோட்டில் ஒரு எஃப் ஷார்ப்பும் ஒரு எஃப் நேச்சுரலும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் குறி போட்டு, அடுத்த நோட்டில் நீக்கி, மீண்டும் போட வேண்டியிருக்கும். பக்கம் முழுக்கக் குறிகள் மண்டிவிடும். மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் வைத்திருக்கிறோம். சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம். ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே இடம். தைவத நிஷாதங்களிலும் அப்படியே இரண்டு. ஒரு மேளகர்த்தாவில் (ஏழு சுரமும் வரும் தாய் ராகம்) ரி ஒன்று, க ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த இரட்டைப் பெயர்கள். சி ஷார்ப்புக்கும் டி ஃப்ளாட்டுக்கும் உள்ள உறவு இதே வகையானது.

குறியை நோட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

ஸ்டாஃபில் எப்போதும் முன்னால், அதாவது இடப்பக்கம். பேசும்போது பின்னால்: ‘எஃப் ஷார்ப்’. பேச்சு வழக்கை அப்படியே கையெழுத்தில் கொண்டுவந்து நோட்டுக்கு வலப்பக்கம் குறி போடுவது புதிதாக எழுதுபவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. அப்படி எழுதினால் வாசிப்பவர் அந்தக் குறியை அடுத்த நோட்டுக்கு உரியதாக எடுத்துக்கொள்வார்.

நோட்டின் தலை எந்தக் கோட்டில் அல்லது இடைவெளியில் இருக்கிறதோ அதே மட்டத்தில் குறியின் மையம் இருக்க வேண்டும். ஷார்ப்புக்கும் நேச்சுரலுக்கும் மையம் நடுவிலுள்ள சிறு கட்டம். ஃப்ளாட்டுக்கு அதன் வயிறு; மேலே நீளும் காம்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது. கையால் எழுதும்போது கெடுவது இரண்டு இடங்களில். ஷார்ப்பின் குறுக்குக் கோடுகளைப் படுக்கையாகப் போட்டால் ஸ்டாஃப் கோடுகளோடு கலந்து மறைந்துவிடும். அவை வலப்பக்கம் சற்று மேலேறிச் சாய்ந்திருக்க வேண்டும், நெடுக்குக் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஃப்ளாட்டின் வயிற்றைப் பெரிதாக வரைந்தால் அது ஒரு கோட்டையும் ஓர் இடைவெளியையும் சேர்த்து மூடிவிடும். எந்த நோட்டுக்கு என்றே தெரியாது.

கார்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகளின் தொகுதி) நெருக்கமான இரண்டு நோட்டுகளுக்குக் குறி தேவைப்பட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்காதீர்கள். மேல் நோட்டின் குறியை நோட்டை ஒட்டியும், கீழ் நோட்டின் குறியைச் சற்று இடப்பக்கம் தள்ளியும் போடுவது வழக்கம்.

பாட்டின் நடுவே ஒரு நோட்டுக்குப் போட்ட ஷார்ப் எதுவரை செல்லும்?

அந்த பார் முடியும்வரை. பார் என்பது ஸ்டாஃபில் இரண்டு நெடுக்குக் கோடுகளுக்கு (பார் லைன்) இடைப்பட்ட பகுதி. குறி போட்ட இடத்திலிருந்து வலப்பக்கம், அதே கோட்டில் அல்லது அதே இடைவெளியில் வரும் எல்லா நோட்டுக்கும் அது பொருந்தும். பார் லைனைத் தாண்டியதும் தானாக விலகிவிடும். குறிக்கு முன்னால், அதே பாரில் ஏற்கெனவே வந்துபோன நோட்டுக்குப் பொருந்தாது. இப்படி நடுவில் வரும் குறிகளுக்குத்தான் ஆக்சிடென்டல் என்று பெயர்.

இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள பியானோ கற்கும் அனைவருக்கும் தெரிந்த ஒரு தொடக்கமே போதும்: பீத்தோவன் 1810-இல் எழுதிய ‘ஃபூர் எலிஸ்’. ஏ மைனர், கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் வரும் குறிக் கொத்து) எதுவும் இல்லை. முழு பார் தொடங்கும் முன் ஈ, டி ஷார்ப் என்று இரண்டு நோட்டுகள். பிறகு ஒரு பார் லைன். அடுத்த பாரில் ஆறு நோட்டுகள்: ஈ, டி ஷார்ப், ஈ, பி, டி நேச்சுரல், சி. அதன்பின் ஏ.

அச்சை உற்றுப் பாருங்கள். முதல் டி-க்கு ஷார்ப் போட்டிருக்கிறது. பார் லைனைத் தாண்டிய இரண்டாவது டி-க்கு மறுபடியும் ஷார்ப் போட்டிருக்கிறது, ஏனென்றால் முதல் ஷார்ப்பின் ஆயுள் பார் லைனோடு முடிந்தது. அதே பாரில் மூன்றாவதாக வரும் டி-க்கு நேச்சுரல் போட்டிருக்கிறது. போடாமல் விட்டிருந்தால் இரண்டாவது டி-யின் ஷார்ப் அதையும் பிடித்திருக்கும், மெட்டு வேறாகியிருக்கும். ஒரு கையளவு இடத்தில் மொத்தச் சட்டமும் அடங்கியிருக்கிறது. விதியைப் படிப்பதைவிட இந்த இரண்டு பார்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பது விரைவில் மனத்தில் நிற்கும்.

மேல் ஸ்தாயியில் வரும் அதே நோட்டுக்கும் அந்தக் குறி பொருந்துமா? இடக்கைக்கு?

இரண்டுக்கும் பொருந்தாது. ஆக்சிடென்டல் அது நிற்கும் கோட்டுக்கோ இடைவெளிக்கோ மட்டும்தான் உரியது. நடு ஸ்தாயி எஃப்-க்குப் போட்ட ஷார்ப், மேல் ஸ்தாயி எஃப்-ஐத் தொடாது. வலக்கை ஸ்டாஃபில் போட்டது இடக்கை ஸ்டாஃபுக்குப் போகாது.

‘ஃபூர் எலிஸ்’ தொடக்கத்திலேயே இதற்கும் சான்று உண்டு. ஏ-இல் இறங்கிய பாருக்கு அடுத்த பாரில் இடக்கை ஈ, ஈ, ஜி ஷார்ப் என்று ஏறும். அதைத் தொடர்ந்து வலக்கை ஈ, ஜி ஷார்ப், பி என்று ஏறும். ஒரே பார், ஒரே பெயர் நோட். ஆனால் பேஸ் கிளெஃபில் (இடக்கை ஸ்டாஃபின் தொடக்கக் குறி) ஒரு ஷார்ப், ட்ரெபிள் கிளெஃபில் (வலக்கை ஸ்டாஃபின் தொடக்கக் குறி) ஒரு ஷார்ப் என்று இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும்.

நடைமுறையில் பல பதிப்பாளர்கள் இத்தகைய இடங்களில் மேல் ஸ்தாயி நோட்டுக்கும் நேச்சுரலோ ஷார்ப்போ வெளிப்படையாகப் போட்டுவிடுவார்கள். போடாமல் விட்டிருந்தால் விதியைப் பின்பற்றுங்கள். காதுக்கு உறுத்தினால் வேறொரு பதிப்போடு ஒப்பிடுங்கள்.

டை (ஒரே நோட்டை நீட்டும் வளைவு) போட்ட நோட் அடுத்த பாருக்குப் போனால்?

பார் லைன் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. ஷார்ப் போட்ட நோட்டை டையால் அடுத்த பாரின் நோட்டோடு இணைத்திருந்தால், அந்த இரண்டாவது நோட்டும் ஷார்ப்பாகவே நீளும். அது புதிதாகத் தட்டும் நோட் அல்ல, பழைய ஒலியின் தொடர்ச்சி. ஆனால் டை முடிந்தபின் அதே பாரில் அந்த நோட்டை மறுபடி தட்ட வேண்டியிருந்தால் ஷார்ப் இல்லை. தேவையென்றால் புதிதாகப் போட்டிருப்பார்கள். இந்த இரண்டாம் பகுதியைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்.

டையும் ஸ்லரும் வளைவாக ஒன்றுபோலவே இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு நோட்டுகளை இணைத்தால் டை, வேறு வேறு நோட்டுகளை இணைத்தால் ஸ்லர். ஸ்லர் எந்தக் குறியையும் கடத்தாது.

வரியின் தொடக்கத்தில் கிளெஃபுக்குப் பக்கத்தில் கொத்தாக இருக்கும் குறிகள் என்ன?

அது கீ சிக்னேச்சர். ஆக்சிடென்டலுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. கீ சிக்னேச்சரில் எஃப்-க்கு ஷார்ப் இருந்தால் எல்லா ஸ்தாயியிலும் எல்லா பாரிலும், அடுத்த கீ சிக்னேச்சர் வரும்வரை, ஒவ்வோர் எஃப்-உம் ஷார்ப்தான். ட்ரெபிள் கிளெஃபில் அந்த ஷார்ப் மேல் கோட்டில் மட்டும் வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ‘மேல் எஃப்-க்கு மட்டும்’ என்று நினைத்துக் கீழ் இடைவெளி எஃப்-ஐச் சாதாரணமாக வாசிப்பது தொடக்கநிலையில் மிகவும் சகஜம்.

கொத்தில் குறிகள் வரும் வரிசை மாறாது. ஷார்ப் வரிசை: எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. ஃப்ளாட் வரிசை அதையே திருப்பிப் போட்டது: பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப். மூன்று ஷார்ப் என்றால் அவை எஃப், சி, ஜி மட்டுமே. ‘டி-க்கும் ஏ-க்கும் மட்டும் ஷார்ப்’ என்று வழக்கமான கீ சிக்னேச்சர் வராது.

மனத்தில் வைக்க நமக்கு எளிய வழி ச-ப உறவு. எஃப்-ஐ ஸட்ஜமாக வைத்தால் பஞ்சமம் சி. சி-க்குப் பஞ்சமம் ஜி, ஜி-க்கு டி, டி-க்கு ஏ. ஷார்ப் வரிசை பஞ்சமம் பஞ்சமமாக ஏறுகிறது. ஃப்ளாட் வரிசை சுத்த மத்யமமாக ஏறுகிறது: பி-க்கு ஈ, ஈ-க்கு ஏ, ஏ-க்கு டி. மேஜர் ஸ்கேல்களின் பட்டியலும் இதே தடத்தில்தான்: சி-க்குக் குறி இல்லை, ஜி-க்கு 1 ஷார்ப், டி-க்கு 2, ஏ-க்கு 3, ஈ-க்கு 4, பி-க்கு 5. மறுபக்கம் எஃப்-க்கு 1 ஃப்ளாட், பி ஃப்ளாட்டுக்கு 2, ஈ ஃப்ளாட்டுக்கு 3, ஏ ஃப்ளாட்டுக்கு 4.

கீ சிக்னேச்சரைப் பார்த்து ஸ்கேலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஷார்ப் என்றால் கடைசி ஷார்ப்பை எடுத்து அரைச் சுரம் மேலே போங்கள். கடைசி ஷார்ப் ஜி என்றால் ஏ மேஜர். ஃப்ளாட் என்றால் கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்தான் ஸ்கேலின் பெயர். பி, ஈ, ஏ, டி என நான்கு இருந்தால் ஏ ஃப்ளாட் மேஜர். ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தால் முந்தையது என்று ஒன்று இல்லை. அது எஃப் மேஜர் என்று தனியாக நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு கீ சிக்னேச்சருக்கும் ஒரு மைனரும் உண்டு. மேஜரின் ஆதார சுரத்திலிருந்து மூன்று அரைச் சுரம் இறங்கினால் கிடைக்கும்: 3 ஷார்ப்புக்கு ஏ மேஜர் அல்லது எஃப் ஷார்ப் மைனர். எது என்று முடிவு செய்ய, இடக்கையின் கடைசி நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே ஆதாரம்.

ஜி மேஜர் பாடத்தில் எஃப் நேச்சுரல் வந்தால், அதன்பிறகு எஃப் எல்லாம் நேச்சுரலா?

அந்த பாரில் மட்டும், அந்த ஸ்தாயியில் மட்டும். பார் லைன் தாண்டியதும் கீ சிக்னேச்சர் திரும்ப ஆட்சிக்கு வந்துவிடும், எஃப் மறுபடி ஷார்ப். ‘ஷார்ப் போடவில்லையே’ என்று அடுத்த பாரிலும் நேச்சுரலாகவே வாசிப்பது தவறு. பார் லைன் விலக்குவது ஆக்சிடென்டலை மட்டுமே என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

அடைப்புக்குறிக்குள் ஷார்ப் அல்லது நேச்சுரல் இருந்தால் அதை வாசிப்பதா விடுவதா?

வாசியுங்கள். விதிப்படி அது தேவையில்லாத குறிதான். முந்தைய பாரில் எஃப் நேச்சுரலாக இருந்தது, இப்போது பழையபடி ஷார்ப் ஆகிவிட்டது என்று நினைவூட்டுவதற்காகப் பதிப்பாளர் போட்டது. அடைப்புக்குறி இல்லாமலும் இப்படிப் போடுவார்கள். அதைப் பார்த்து ‘ஏற்கெனவே ஷார்ப், இப்போது இன்னொரு ஷார்ப், ஆகவே இரண்டு படி’ என்று கூட்டிவிடாதீர்கள். ஷார்ப் குறிகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை.

அப்படியானால் இரட்டை ஷார்ப் எதற்கு?

இரண்டு அரைச் சுரம் உயர்த்துவதற்குத் தனிக்குறி உண்டு. சிறிய பெருக்கல் குறி போல இருக்கும். இரண்டு அரைச் சுரம் இறக்க ஃப்ளாட்டை இரட்டையாகப் போடுவார்கள் (♭♭).

தேவை வருவது ‘ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை’ என்ற அதே விதியால். ஜி ஷார்ப் மைனரில் ஏழாவது நோட் எஃப் ஷார்ப். அதை அரைச் சுரம் உயர்த்த வேண்டியிருக்கும்போது ஜி என்று எழுதினால் எஃப் வரிசையிலிருந்து காணாமல் போகும். ஆகவே எஃப் இரட்டை ஷார்ப். கீபோர்டில் அது ஜி-யின் வெள்ளைக் கட்டை. நம் பக்கத்தில் கனகாங்கி மேளத்தை ஒரு கட்டை ஸ்ருதியில் ஸ்டாஃபில் எழுதினாலும் இதே நிலைதான்: ரி-க்கு டி ஃப்ளாட், சுத்த காந்தாரத்துக்கு ஈ இரட்டை ஃப்ளாட், சுத்த நிஷாதத்துக்கு பி இரட்டை ஃப்ளாட்.

இரட்டை ஷார்ப்பிலிருந்து ஒற்றை ஷார்ப்புக்குத் திரும்ப இன்று வெறும் ஷார்ப் போட்டால் போதும். பழைய பதிப்புகளில் நேச்சுரலும் ஷார்ப்பும் சேர்ந்து வரும், பொருள் ஒன்றே.

ஏ மைனரில் குறியே கிடையாது என்கிறார்கள், ஆனால் பக்கம் முழுக்க ஜி ஷார்ப் வருகிறதே?

மைனர் மெட்டுகளில் ஏழாவது நோட்டை அரைச் சுரம் உயர்த்தினால்தான் ஆதாரத்துக்கு வந்து சேரும் இழுப்பு கிடைக்கிறது. ஏ மைனருக்கு அது ஜி ஷார்ப். இந்த உயர்வைக் கீ சிக்னேச்சரில் சேர்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் ஆக்சிடென்டலாகவே எழுதுவார்கள். கீர்வாணியை ஏ-இல் பாடினால் வரும் சுரங்கள் இவையே. ஜி-யை உயர்த்தாமல் விட்டால் நடபைரவி.

மெலடிக் மைனரில் ஏறும்போது எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். இறங்கும்போது இரண்டும் நேச்சுரல். ஏற்றமும் இறக்கமும் ஒரே பாரில் வந்தால் இறக்கத்தில் இரண்டு நேச்சுரல் குறிகளைக் கட்டாயம் காண்பீர்கள். கையால் எழுதும் நோட்டேஷனில் இந்த நேச்சுரல்களை மறந்துவிடுவதால்தான் பாடகர் குழு ஒத்திகையில் பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் வேறொன்றும் பாடுகிறார்கள்.

கர்நாடக ராகத்தை ஸ்டாஃபில் எழுத எந்தக் கீ சிக்னேச்சர் போடுவது?

சங்கராபரணம் என்றால் மேஜர் ஸ்கேல். ஆதாரத்துக்குரிய கீ சிக்னேச்சரே போதும். மாயாமாளவகௌளை அப்படி அடங்காது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் டி ஃப்ளாட்டும் ஏ ஃப்ளாட்டும் வேண்டும், ஈ-யும் பி-யும் நேச்சுரல். டி ஃப்ளாட்டும் ஏ ஃப்ளாட்டும் உள்ள வழக்கமான கொத்து நான்கு ஃப்ளாட் கொத்து. அதில் பி-யும் ஈ-யும் சேர்ந்து ஃப்ளாட் ஆகிவிடும். ஆகவே கொத்து எதுவும் போடாமல் ஒவ்வொரு பாரிலும் டி, ஏ இரண்டுக்கும் ஃப்ளாட் போடுவதே வயலின், செல்லோ கலைஞர்களுக்குக் குழப்பமில்லாதது. இரண்டு ஃப்ளாட்டை மட்டும் புதுக் கொத்தாக வைத்து எழுதுவதும் செல்லும். ஆனால் இரண்டு ஃப்ளாட் என்றதும் கண் பார்க்காமலே பி, ஈ என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வாசிப்பவர்களுக்கு உண்டு. முதல் ஒத்திகைக்கு முன் வாயால் சொல்லிவிடுங்கள்.

கமகத்தை இந்த மூன்று குறிகளால் எழுத முடியாது. அவை சுரத்தின் இடத்தை மட்டுமே சொல்லும்.

கிதாரில் திறந்த தந்தியின் நோட்டுக்கு ஃப்ளாட் வந்தால் என்ன செய்வது?

ஷார்ப் எளிது: ஒரு ஃபிரெட் முன்னால். ஃப்ளாட் ஒரு ஃபிரெட் பின்னால். திறந்த தந்திக்குப் பின்னால் ஃபிரெட் இல்லை என்பதால் பக்கத்துத் தடித்த தந்திக்குப் போக வேண்டும். பி ஃப்ளாட்டுக்கு ஜி தந்தியில் 3ஆம் ஃபிரெட். ஜி ஃப்ளாட்டுக்கு டி தந்தியில் 4ஆம் ஃபிரெட். மேல் ஈ ஃப்ளாட்டுக்கு பி தந்தியில் 4ஆம் ஃபிரெட். மிகத் தடித்த ஈ தந்திக்கு ஃப்ளாட் வந்தால் தந்தியைத் தளர்த்தினால்தான் உண்டு.

ட்ரில்லுக்கு மேலே சின்னதாக ஒரு ஃப்ளாட் இருக்கிறதே?

அது எழுதிய நோட்டுக்கு அல்ல. ட்ரில்லில் மாறி மாறி வரும் மேல் நோட்டுக்கு.

ஜெர்மன் பதிப்புகளில் ‘ஹெச்’ என்று ஒரு நோட் வருகிறது. அது என்ன?

ஜெர்மன் வழக்கில் ஹெச் என்பது நம் பி நேச்சுரல். அவர்கள் பி என்று சொல்வது நம் பி ஃப்ளாட். ஜெர்மன் பதிப்பின் அட்டையில் ஹெச் மைனர் என்றிருந்தால் பி மைனர்.

குறிகளின் வடிவமே இந்தக் கதையில்தான் பிறந்தது. இடைக்கால ஐரோப்பியத் தேவாலய இசையில் பி ஒன்றுக்குத்தான் இரண்டு இடங்கள் இருந்தன. தாழ்ந்ததை உருண்டை வயிறுள்ள பி எழுத்தாலும், உயர்ந்ததைச் சதுர வயிறுள்ள பி எழுத்தாலும் குறித்தார்கள். உருண்டை பி இன்றைய ஃப்ளாட் ஆயிற்று. சதுர பி-யிலிருந்து நேச்சுரலும் ஷார்ப்பும் வந்தன. நேச்சுரலின் நடுச் சதுரத்தில் அது இன்னும் தெரிகிறது. இந்த எழுத்து வழக்கால்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (BACH) தன் பெயரின் நான்கு எழுத்துகளையே சுரமாக வைக்க முடிந்தது: பி ஃப்ளாட், ஏ, சி, பி நேச்சுரல்.

இது வெறும் வரலாறு அல்ல. 17ஆம் நூற்றாண்டு அச்சுகளின் நகலை வைத்து வாசிப்பவர்கள், ஃப்ளாட்டை நீக்க நேச்சுரலுக்குப் பதில் ஷார்ப் போட்டிருப்பதைக் காண்பார்கள். பி ஃப்ளாட் உள்ள பாடத்தில் பி-க்கு முன் ஷார்ப் இருந்தால் அங்கே பி நேச்சுரல் என்று பொருள். இன்றைய விதிப்படி வாசித்தால் சி வந்துவிடும்.

புதிய பாடத்தை எடுக்கும்போது குறிகளைத் தவறவிடாமல் இருக்க என்ன செய்வது?

வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கீ சிக்னேச்சரில் உள்ள நோட்டுகளை வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘எஃப், சி, ஜி’ என்று. அந்த ஸ்கேலை ஒருமுறை ஏறி இறங்கி வாசியுங்கள். கை எந்தக் கறுப்புக் கட்டைகளில் உட்கார வேண்டும் என்று பழகிவிடும். பிறகு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் ஓட்டி, ஆக்சிடென்டல் உள்ள பார்களை மட்டும் தேடுங்கள். பாரின் தொடக்கத்தில் குறி, கடைசியில் குறியில்லாமல் அதே நோட் என்ற அமைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் கடைசி நோட்டுக்கு முன் குறியைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகள் அந்த இடங்களில்தான் நடக்கின்றன.

ஒவ்வொரு நோட்டின் மேலும் பெயரையும் குறியையும் எழுதி வைக்க வேண்டாம். கண் ஸ்டாஃபை விட்டு எழுத்தைப் படிக்கத் தொடங்கிவிடும், அந்தப் பழக்கத்தை விடுவிக்க மாதக்கணக்காகும்.

பியானோ தாளில் ஒரு ஃப்ளாட், ட்ரம்பெட் தாளில் ஒரு ஷார்ப், ஆல்டோ சாக்ஸ் தாளில் இரண்டு ஷார்ப். எந்தத் தாள் தப்பு?

மூன்றும் சரி. வழக்கமான ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம்: தாளில் சி என்று இருப்பதை ஊதினால் பி ஃப்ளாட் ஒலிக்கும். ஆகவே எழுதும்போது முழுச் சுரம் மேலே எழுத வேண்டும். பியானோவின் எஃப் மேஜர் ட்ரம்பெட் வாசிப்பவருக்கு ஜி மேஜர். ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் வாத்தியம். எஃப் மேஜர் அதை வாசிப்பவருக்கு டி மேஜர். ஒத்திகையில் ‘பி-யை ஃப்ளாட் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் மூவரும் மூன்று நோட்டை மாற்றுவார்கள். பியானோவின் பி ஃப்ளாட், ட்ரம்பெட் தாளில் சி. ஆல்டோ சாக்ஸ் தாளில் ஜி. திருத்தம் சொல்லும்போது யாருடைய தாளின் பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.